நுகப்புண் மேல் நுகம் வைக்கலாமா?

கழுத்தில் புண் பட்ட மாட்டை மறுநாள் காலையில் நுகத்தில் பூட்டுகிற விவசாயியைப் பார்த்திருக்கிறீர்களா? நாம் பார்த்ததில்லை. புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவுவார். மாட்டைச் சில நாள் அவிழ்த்து விடுவார். நுகத்தடியில் எந்த இடம் உரசியது என்று கையால் தடவிப் பார்ப்பார். அங்கே செதுக்குவார், துணி சுற்றுவார். புண் ஆறிய பிறகும் முதல் நாள் வெறும் வண்டியில்தான் பூட்டுவார். இதையெல்லாம் அவர் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. மாடு படுத்தால் பிழைப்பும் படுத்துவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

ஆனால் மாட்டுக்குக் காட்டுகிற இந்த நியாயத்தை நாம் நம் உடம்புக்குக் காட்டுகிறோமா? இல்லை. நேற்று வலித்த தோளின் மேலேயே இன்றும் பாரம் ஏற்றுகிறோம். மண்வெட்டி பிடிக்கும்போது மட்டுமல்ல, உடம்புக்கு நல்லது என்று யோகாசனம் செய்யும்போதும் இதையே செய்கிறோம். யோகம் என்ற சொல்லே பூட்டுதல் என்று பொருள்படும் வடமொழி வேரிலிருந்து வந்ததுதான். ஆகவே யோகாசனத்தைப் பற்றி எழுதப் புகும் நாம் நுகத்தடியிலிருந்து தொடங்குவதில் தவறில்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறோம்? 2015ஆம் ஆண்டு முதல் ஜூன் 21ந் தேதியை உலகெங்கும் யோகா தினமாகக் கொண்டாடுகிறார்கள். பள்ளி மைதானங்களில் பாய் விரிக்கிறார்கள். ஆலைகளில் வகுப்பு வைக்கிறார்கள். செல்போனில் படம் பார்த்து, விடியற்காலையில் சூரிய நமஸ்காரம் செய்துவிட்டு ஷிப்டுக்குப் போகிற வாலிபர்கள் பலர் இருக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் ஆசனம் செய்து கெட்டுப் போகிற மூட்டைப் பற்றியும் தோளைப் பற்றியும் மேடையில் யாரும் பேசுவதில்லை. உடம்பைத் தவிர வேறு முதல் இல்லாத நம்மவர்களுக்கு அதை யாராவது சொல்லத்தானே வேண்டும்?

யோகம் பகை அல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாம் யோகாசனத்துக்கு விரோதி அல்ல. நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களிடம் நடந்த சோதனைகளை மருத்துவ நிபுணர்கள் தொகுத்து 2017ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். எந்த உடற்பயிற்சியும் செய்யாதவர்களைவிட யோகம் செய்தவர்களுக்குக் குணம் ஓரளவு கூடுதல் என்று அது சொல்கிறது. அதே அறிக்கை இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறது: யோகம் செய்தவர்களில் சிலருக்கு முதுகு வலி அதிகமாயிற்று.

அமெரிக்காவில் யோக வகுப்புகளுக்குப் போகும் 354 பேரை ஒரு வருஷ காலம் கவனித்து எழுதிய ஆராய்ச்சி ஒன்று உண்டு. நூற்றுக்கு 74 பேர், இருந்த வலி யோகத்தால் குறைந்தது என்றார்கள். நூற்றுக்கு 21 பேர், இருந்த வலி யோகத்தால் கூடியது என்றார்கள். நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேல், இல்லாத வலி புதிதாக வந்தது என்றார்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகிய இடங்களில்தான் தொல்லை முக்கியமாக வந்தது. பின்லாந்தில் அஷ்டாங்க யோகம் என்ற கடினமான முறையைப் பயில்பவர்கள் 110 பேரை விசாரித்து 2008ல் வெளியான இன்னோர் ஆய்வில், நூற்றுக்கு 62 பேர் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்த காயம் ஒன்றாவது பட்டிருந்தார்கள்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? யோகம் மருந்து போன்றது. மருந்துக்கு அளவு உண்டு. அளவு மீறினால் மருந்தும் நோய் தரும்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும்

காயம் என்றால் நம் ஜனங்கள் விழுந்து அடிபடுவதைத்தான் நினைக்கிறார்கள். ஆசனத்தால் வரும் காயம் பெரும்பாலும் அப்படி வருவதல்ல. சத்தம் இல்லை, ரத்தம் இல்லை. ஒரே இடத்தில், ஒரே மாதிரி, ஓய்வில்லாமல் பாரம் விழுந்து விழுந்து, மெள்ள மெள்ள வருகிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது இதற்குத்தான் பொருந்தும்.

உழைத்தால் உடம்பு தேய்கிறது. ஓய்வில் தன்னைத்தானே செப்பனிட்டுக் கொள்கிறது. செப்பனிடும்போது முன்னைவிடச் சற்று பலமாகவே கட்டிக் கொள்கிறது. உழைப்பால் உடம்பு உரம் ஏறுவது இப்படித்தான். ஆனால் கொத்தனார் பூசிய சுவர் காயுமுன் மறுபடி இடித்தால் என்ன ஆகும்? அதுதான் இங்கேயும் ஆகிறது.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. தசையில் ரத்த ஓட்டம் அதிகம். அது சில வாரத்தில் பழகிவிடும். தசையை எலும்போடு கட்டும் கயிறு போன்ற தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அது பழக மாதக் கணக்கில் ஆகும். நம்மவர்கள் 'நரம்பு இழுக்கிறது' என்று சொல்வது பல சமயம் இந்தத் தசைநாணைத்தான். இரண்டு மாதத்தில் உடம்பு வளைகிறதே என்று உற்சாகத்தில் அளவைக் கூட்டுகிறவரின் தசை தயாராயிருக்கும், தசைநாண் தயாராயிராது. அங்கேதான் கோளாறு தொடங்குகிறது.

நம் வாசகருக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு நூற்பாலைத் தொழிலாளியை எடுத்துக் கொள்வோம். எட்டு மணி நேரம் ரிங் பிரேம் ஓரமாக நடக்கிறார். அறுந்த இழையைக் குனிந்து குனிந்து ஒட்டுகிறார். நடவுப் பெண்ணை எடுத்துக் கொள்வோம். பகல் முழுவதும் முழங்கால் மடக்காமல் இடுப்பை வளைத்தே நிற்கிறார். இவர்களும், நாள் பூராவும் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவரும் ஒரே பாயில் நின்று ஒரே ஆசனத்தை ஒரே அளவில் செய்யலாமா? உட்கார்ந்தே இருப்பவருக்குக் குனிந்து நிமிர்வது பயிற்சி. குனிந்தே நிற்பவருக்கு அது ஓவர்டைம்! ஆசனத்தின் பாரமும் வேலையின் பாரமும் உடம்பின் ஒரே பேரேட்டில்தான் பற்று விழுகின்றன.

எந்த வலி, என்ன வலி?

எல்லா வலியும் ஆபத்து அல்ல. புதிதாகப் பயிற்சி செய்தவருக்குத் தொடையும் புஜமும் பொதுவாக வலிக்கும். இரண்டு பக்கமும் வலிக்கும். தசையின் நடுவே வலிக்கும். இரண்டு மூன்று நாளில் போய்விடும். இதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டிய வலிக்கு அடையாளங்கள் வேறு. விரல் வைத்துக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலிக்கும். மூட்டிலோ, தசை எலும்போடு சேரும் இடத்திலோ வலிக்கும். ஒரு குறிப்பிட்ட ஆசனம் செய்யும் போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும். காலையில் எழுந்ததும் அந்த இடம் விறைத்திருக்கும்.

அது படிப்படியாக ஏறும். முதல் படியில் பயிற்சி முடிந்த பிறகு மட்டும் வலிக்கும். இரண்டாம் படியில் தொடக்கத்தில் வலிக்கும், உடம்பு சூடேறியதும் மறையும், முடித்த பிறகு திரும்ப வரும். மூன்றாம் படியில் பயிற்சி முழுவதும் வலிக்கும். நாலாம் படியில் சும்மா இருந்தாலும், தூங்கினாலும் வலிக்கும்.

இரண்டாம் படிதான் ஆளை ஏமாற்றும் படி. 'செய்யச் செய்யச் சரியாகிறது' என்று நினைத்துத் தொடர்கிறார்கள். சரியாகவில்லை, சூட்டில் மறைந்திருக்கிறது. மில்லில் பேரிங் சூடேறி முனகினால் பிட்டர் என்ன செய்கிறார்? உடைந்து சிதறட்டும் என்று காத்திருப்பதில்லை. முனகும்போதே நிறுத்திப் பார்க்கிறார். உடம்பின் முனகலை முதல் படியிலோ இரண்டாம் படியிலோ கேட்டுவிட்டால் சில வாரத்தில் மீளலாம். நாலாம் படியில் கேட்டால் மாதக் கணக்கு.

எங்கே தேய்கிறது?

ஒவ்வோர் இடமாகப் பார்ப்போம்.

முதலாவது, உட்காரும் எலும்பு. நின்று குனிந்து தரையைத் தொடுவதும், உட்கார்ந்து கால் விரலைப் பிடிக்கும் பஸ்சிமோத்தானாசனமும் தொடையின் பின்தசையை இழுக்கின்றன. அந்தத் தசை புட்டத்துக்குள் இருக்கும் எலும்பில் கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டுத்தான் கெடும். பெஞ்சில் உட்கார்ந்தால் அந்த எலும்பில் வலிக்கும். இங்கே பெரும்பாலோர் செய்யும் தவறு, 'இறுகிவிட்டது, இன்னும் இழுத்துவிட்டால் சரியாகும்' என்று மேலும் குனிவது. குனியக் குனிய அந்த நாண் எலும்பின் மேல் அழுந்துகிறது. இழுப்பது மருந்தல்ல, இழுப்பதுதான் நோய். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, மணிக்கட்டும் தோளும். சூரிய நமஸ்காரத்தின் ஒரு சுற்றில் நாலு நிலைகளிலாவது உடம்பின் பாரம் கையில் விழுகிறது. பந்தயமாக 108 சுற்று செய்கிறவர் தம் மணிக்கட்டின் மேல் நானூறு தடவைக்கு மேல் பாரம் ஏற்றுகிறார். சுமை தூக்கும் கையும், வைண்டிங்கில் ஓயாமல் சுழலும் கையும் அதே கைதானே?

மூன்றாவது, முழங்கால். பத்மாசனத்தில் கால் திரும்ப வேண்டிய இடம் இடுப்பு மூட்டு. இடுப்பு திரும்ப மறுத்தால், கையால் பிடித்து ஏற்றும் பாதம் முழங்காலை முறுக்குகிறது. முழங்கால் கதவுக் கீல் போல மடங்கி நிமிர்வதற்கு ஏற்பட்டது, முறுக்குவதற்கு அல்ல. உள்பக்கம் சுருக்கென்றால் அந்த இடத்திலேயே காலை இறக்கிவிட வேண்டும்.

நாலாவது, கழுத்தும் இடுப்பும். தலைகீழாக நிற்கும் சிரசாசனத்தில் உடம்பின் எடையில் ஏறக்குறைய பாதி தலை வழியே கழுத்தெலும்பில் இறங்கலாம். தலைச்சுமை சுமந்து கழுத்து தேய்ந்தவருக்கு இந்த ஆசனம் எதற்கு? அதே போல், பின்னால் வளையும் ஆசனங்களில் முதுகு முழுவதும் வளையாமல் இடுப்பில் ஒரே கணுவில் மடிந்தால், அந்தக் கணுதான் நாளைக்கு வலிக்கும்.

மரத்துப் போன பாதம்

1971ல் அமெரிக்க மருத்துவப் பத்திரிகை ஒன்றில் ஒரு கல்லூரி மாணவனைப் பற்றி எழுதினார்கள். மணிக்கணக்கில் வஜ்ராசனத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து வந்த அந்த மாணவனுக்குப் பாதத்தைத் தூக்கி நடக்க முடியவில்லை. முழங்காலின் வெளிப்புறம் எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு நசுங்கியிருந்தது. அப்படி உட்காருவதை விட்டதும் குணம் தெரிந்தது.

குந்தி உட்கார்ந்தே ஸ்டிராபெர்ரிப் பழம் பறிக்கும் பண்ணைக் கூலிகளுக்கும் இதே நரம்பு இதே மாதிரி நசுங்குவதை வைத்தியர்கள் வெகு காலமாக அறிவார்கள். அந்த நோய்க்குப் பழம் பறிப்பவர்களின் பெயரே உண்டு. ஒருவர் சாந்தி தேடி உட்கார்ந்தார். மற்றவர் கூலிக்கு உட்கார்ந்தார். நரம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எத்தனை நேரம் அழுத்தினாய் என்பதுதான் அதன் கணக்கு.

என்ன செய்ய வேண்டும்?

வலி தோன்றிவிட்டது. இனி என்ன?

முதல் வேலை, எந்த ஆசனம் அதை எழுப்புகிறதோ அதை நிறுத்துங்கள். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் படுக்க வேண்டாம். நீண்ட படுக்கை தசையை மேலும் பலவீனமாக்கும். மூச்சுப் பயிற்சியும் சவாசனமும் வலி தராத அசைவுகளும் தொடரலாம்.

இரண்டாவது, வலி மாத்திரை போட்டுக் கொண்டு பயிற்சிக்கு இறங்காதீர்கள். அது காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது போல. 'சுளுக்கு வழிக்கிறேன்' என்று நோவு கண்ட நாணை அழுத்தித் தேய்க்கவும் விடாதீர்கள்.

மூன்றாவது, கடினமான நிலையைச் சுலபமாக்குங்கள். குனியும்போது முழங்காலை மடக்குங்கள். தரையில் உட்காரும்போது மடித்த சாக்கையோ போர்வையையோ புட்டத்தின் கீழ் வையுங்கள். மணிக்கட்டு நொந்தால் முழங்கையைத் தரையில் ஊன்றுங்கள். பத்மாசனத்துக்குப் பதில் சாதாரணச் சம்மணம் போதும்.

நாலாவது, திரும்பும்போது பாதி அளவில் தொடங்குங்கள். வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மறுநாள் காலைதான் பரீட்சை. செய்யும்போது லேசாக வலித்து, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் அந்த அளவு உடம்புக்கு ஒத்துக் கொண்டது. காலையில் நேற்றைவிட விறைப்பு கூடியிருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். நாணில் வந்த கோளாறு தீர மூன்று மாதமும் ஆகலாம். அறுப்புக் காலத்திலும், இரட்டை ஷிப்டு பார்த்த நாளிலும் ஆசனத்தைக் குறைப்பது சோம்பல் அல்ல, புத்திசாலித்தனம்.

ஐந்தாவது, சில அடையாளங்களைக் கண்டால் ஒரு நாளும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கை கால் மரத்துப் போதல், பாதமோ பிடியோ பலம் குறைதல், 'டப்' என்று சத்தம் கேட்டு வீங்கிக் கன்றிப் போதல், மூட்டு சூடாக வீங்குதல், காய்ச்சலோடு கூடிய முதுகு வலி ஆகியவை அவை. சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ உடனே, அந்த மணியே போக வேண்டும். இவை ஒன்றும் இல்லாமல் வெறும் வலி மட்டும் இருந்தாலும், இரண்டு மூன்று வாரத்தில் குறையாவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

போகும்போது என்ன வேலை செய்கிறீர்கள், எந்த ஆசனத்தை எத்தனை தடவை செய்கிறீர்கள் என்று இரண்டையும் சொல்லுங்கள். நோயாளியிடம் 'உன் தொழில் என்ன?' என்று கேட்க வேண்டுமென 1700ஆம் ஆண்டிலேயே எழுதினார் இத்தாலிய வைத்தியர் ராமஸ்ஸினி. உங்கள் டாக்டர் கேட்க மறந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஆளுக்கு ஏற்ற ஆசனம்

'வலியைப் பொறுத்தால்தான் யோகம் சித்திக்கும்' என்று சில ஆசிரியர்கள் உபதேசிக்கிறார்கள். முதுகின் மேல் அழுத்தி வளைப்பவர்களும் இருக்கிறார்கள். அது சம்பிரதாயம் என்கிறார்கள். அப்படியா?

இன்று உலகெங்கும் பரவியிருக்கும் ஆசன முறைகளில் பலவற்றுக்கு மூலவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். 1930களில் மைசூர் அரண்மனை யோக சாலையில் வாலிபர்களுக்குத் துள்ளலும் பாய்ச்சலுமாகக் கடினமான ஆசனங்களைக் கற்பித்தவர் அவர். பின்லாந்து ஆய்வில் கண்ட அஷ்டாங்க முறையைப் பரப்பிய பட்டாபி ஜோயிஸ் அவருடைய மாணவர். அதே கிருஷ்ணமாச்சாரியார் 1950களில் சென்னைக்கு வந்த பிறகு என்ன செய்தார்? நோயாளிக்கு ஒரு விதமாகவும், கிழவருக்கு ஒரு விதமாகவும், ஆளைப் பார்த்து அளவை மாற்றிக் கற்பித்தார். அவருடைய இன்னொரு மாணவர் பி.கே.எஸ். ஐயங்கார், வளையாத உடம்புக்குக் கட்டையும் வாரும் நாற்காலியும் போர்வையும் கொண்டு முட்டுக் கொடுத்தார். ஆக, உடம்புக்கு ஏற்ப ஆசனத்தை மாற்றுவது சம்பிரதாயத்துக்கு விரோதம் அல்ல, அதுவே சம்பிரதாயம். 'வலிக்கிறது' என்று சொன்ன பிறகும் அழுத்துகிற ஆசிரியரிடம் எழுந்து நின்று 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு.

பாய் மட்டும் போதுமா?

கடைசியாக ஒரு விஷயம். இடுப்பு வலிக்கிறது என்று தொழிலாளர்கள் புகார் சொன்னால், சில இடங்களில் யோக வகுப்பு வைத்துவிட்டுக் கடமை முடிந்ததென்று கையைத் தட்டிக் கொள்கிறார்கள். வகுப்பு வரட்டும், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் நாள் முழுவதும் நிற்பதால் வந்த வலிக்கு முதல் மருந்து உட்கார ஓர் இடம். தூக்குவதால் வந்த வலிக்கு முதல் மருந்து ஒரு தள்ளுவண்டி. நின்றே வேலை பார்த்த கடைத் தொழிலாளர்களுக்கு இருக்கை தர வேண்டுமென்று கேரளத்தில் 2018லும் தமிழ்நாட்டில் 2021லும் சட்டம் திருத்தினார்கள். அந்த நாற்காலி எந்த ஆசனத்துக்கும் குறைந்ததல்ல. எட்டு மணி நேரம் தேய்ப்பதை அரை மணி நேரப் பாய் ஈடு செய்யாது. களைத்த உடம்பின் மேல் கட்டாய வகுப்பையும் ஏற்றினால் அது இன்னும் ஒரு சுமையே.

ஆகவே, ஆசனம் பழகும் தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான். நாளைக் காலை பாயை விரிக்குமுன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். நேற்று என்ன வேலை செய்தோம், எந்த இடம் இன்னும் விறைத்திருக்கிறது என்று உடம்பைத் தடவிப் பாருங்கள். அந்த இடத்துக்கு இன்று லீவு கொடுங்கள். பக்கத்துப் பாயில் இருப்பவர் எவ்வளவு வளைகிறார் என்று பார்க்க வேண்டாம். அவருடைய உடம்பு அவருடையது, அவருடைய வேலையும் வேறு.

மாட்டின் கழுத்தைத் தடவிப் பார்க்கத் தெரிந்த கைகள் நம்முடையவை. அந்தக் கையால் நம் தோளையும் ஒரு தடவை தடவிப் பார்ப்போம்.